ஒரு கைத்தொலைபேசி, ஒரு கட்டு அட்டை: தோட்டப் பள்ளியில் பிளிக்கர்ஸ்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் எந்தப் பொருளைப் பற்றிப் பேச்செடுத்தாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பிளிக்கர்ஸ் என்பது பிள்ளைகள் அட்டையைத் தூக்கிப் பதில் சொல்ல, ஆசிரியர் கைத்தொலைபேசியால் அதைப் பதிந்துகொள்ளும் ஒரு வகுப்பறைச் செயலி. அதன் அட்டைகள் இலவசம். அவர்களுடைய இணையத்தளத்திலிருந்து இறக்கி நாமே அச்சடித்துக்கொள்ளலாம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள ஃபோட்டோஸ்டேட் கடையில் தடித்த தாளில் ஒரு வகுப்புக்கு வேண்டியதை எடுத்தேன். நான்கு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் காசுகூட ஆகவில்லை. அதற்கு மேல் வேண்டியது ஆசிரியரின் கைத்தொலைபேசி, கொஞ்சம் இணையம், இருந்தால் ஓர் எல்சிடி ஒளிவீழ்த்தி. அவ்வளவுதான்.

நான் நான்காம் ஐந்தாம் ஆண்டுகளுக்குத் தமிழும் கணிதமும் எடுக்கிறேன். பள்ளியின் பெயரில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து வரும் பிள்ளைகள் இப்போது குறைவு. பால்மரம் என்னும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையோடு வெளிநாட்டுத் தொழிலாளிகள் வந்தார்கள், நம் குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்கள் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் இறங்கிவிட்டன. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளி என்ற கணக்கில் வருகிறோம். அதனால் பெரிய நிறுவனங்கள் நன்கொடை கொடுக்க வரும்போது எங்கள் பக்கம் ஒரு பார்வை விழும். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

பிளிக்கர்ஸ் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். ஒவ்வோர் அட்டையிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம் இருக்கும். கியூஆர் குறியீட்டின் தம்பி மாதிரி. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. மூலையில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை ஒரு பிள்ளையின் பெயரோடு ஒருமுறை இணைத்துவிட்டால் ஆண்டு முழுக்க அது அவருடைய அட்டை. வடிவத்தின் நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பதில் பி என்று நினைக்கும் பிள்ளை பி எழுத்துள்ள பக்கம் மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் செயலியைத் திறந்து கேமராவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நகர்த்தினால், ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் மிதக்கும். சரியான பதில் பச்சை, தவறு சிவப்பு. இந்த நிறம் ஃபோனில் எனக்கு மட்டும். எல்சிடி திரையில் யாருடைய அட்டை பதிந்துவிட்டது என்பதுதான் தெரியும். யார் என்ன சொன்னார்கள் என்பது நான் காட்டினால்தான் தெரியும்.

முக்கியமான சூட்சுமம் இங்கேதான். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால், பக்கத்தில் இருப்பவன் அட்டையைப் பார்த்து இவன் திருப்பிக்கொள்ள முடியாது. எழுத்தும் பொடிசு; இரண்டு மேசை தள்ளி இருப்பவனுக்குத் தெரியாது. பார்த்து எழுதுவதில் எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கும் திறமை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கலிபோர்னியாவில் கணித ஆசிரியராக இருந்த ஒருவர் உருவாக்கியது இது. அது தெரிவதற்கு முன்பே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, வகுப்பறையில் நின்று தொண்டை வறண்ட ஆள் யாரோ யோசித்த பொருள் இது என்று. கண்காட்சியில் பார்த்துக் கைதட்டுவதற்காகச் செய்த பொருள் வேறு மாதிரி இருக்கும். அந்த வேறு மாதிரிப் பொருளும் எங்கள் பள்ளியில் இருக்கிறது.

அது ஒரு தொடுதிரைப் பலகை. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எந்த நிறுவனம் கொடுத்தது, யார் பொருத்தினார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். திறப்பு விழாவுக்கு மாலை, படம், பலகாரம், எல்லாம் நடந்தது. பொருத்தியவர் பயிற்சி என்று வந்து, அதில் உலக உருண்டையை விரலால் சுழற்றிக் காட்டினார்; பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். சில மாதத்தில் தொடு உணர்வு ஒரு பக்கம் செத்துவிட்டது. இடது பக்கம் தொட்டால் வலது பக்கம் கோடு விழும். கூப்பிட்டால், "வர்றோம் டீச்சர், அடுத்த வாரம்" என்பார்கள். எந்த ஆண்டின் அடுத்த வாரம் என்று நாங்களும் கேட்கவில்லை. தூசி படக்கூடாது என்று பெற்றோர் ஒருவர் நல்ல துணியில் உறை தைத்துக் கொடுத்தார். ஆயுத பூசைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். இப்போதைக்கு அதற்கு இருக்கும் ஒரே வேலை அதுதான்.

எனக்கு இதில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையைக் காட்டி, கங்காணியையோ தோட்டத்து எழுத்தரான கிராணியையோ வாத்தியாராக உட்கார வைத்துக் கணக்கை முடித்தார்கள். பள்ளி இருக்கிறதா? இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு விஷயம். நூறு ஆண்டு கழித்தும் தமிழ்ப்பள்ளிக்கு வரும் கருவிகளில் பாதி அதே புத்தியோடுதான் வருகின்றன. பலகை இருக்கிறதா? இருக்கிறது. படம் எடுத்தாயிற்று.

நான் பிள்ளையாக இருந்தபோது டிவி பெண்டிடிக்கான். 1972இல் கல்வி அமைச்சு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி. எங்கள் தோட்டப் பள்ளியில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இரும்புக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு, பூட்டின் சாவி பெரிய வாத்தியார் இடுப்பில். ஆசிரியர் ஆன பிறகு கணினிக்கூடம். அப்புறம் ஃபிராக் என்ற மெய்நிகர் கற்றல் தளம். 2019 ஜூலையில் அதற்குப் பதில் கூகல் கிளாஸ்ரூம் வந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஜூனில் அமைச்சு டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தைத் தந்தது. டெலிமா நல்ல தளம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் என் வகுப்பில் பல வீடுகளில் இருந்தது ஒரே ஃபோன். அதை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரவு எட்டு மணிக்கு மேல் மூன்று பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கடைசிப் பிள்ளைக்கு முறை வரும்போது ஃபோனில் சார்ஜும் இருக்காது, பிள்ளையின் கண்ணில் வெளிச்சமும் இருக்காது. நானும் இன்னும் சிலரும் பயிற்சித் தாள்களை அச்சடித்துத் தோட்டத்து வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அந்தக் காலத்தில் எங்களுக்கு உருப்படியாக உழைத்த தொழில்நுட்பம் அந்த அச்சு இயந்திரம்தான்.

சரி, வகுப்பறைக்கு வருவோம்.

"புரிஞ்சுச்சா?" என்று நாங்கள் கேட்போம். "புரிஞ்சுச்சு டீச்சர்ர்ர்" என்று ராகத்தோடு பதில் வரும். தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் இந்த ராகம் தெரியும். அந்தக் கோரஸுக்கு ஒரு தலைவன் உண்டு. என் வகுப்பில் அது நடுவரிசைப் பையன் ஒருவன். 14ஆம் எண் அட்டைக்காரன் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி முடிவதற்குள் வாயைத் திறப்பான், மற்றவர்கள் அரை நொடி தாமதித்து அவனோடு சேர்ந்துகொள்வார்கள். கெட்டிக்காரன் என்று எல்லா ஆசிரியர்களும் நினைத்திருந்தோம்.

அட்டை வந்தபோது அவன் பெயருக்கு மேல் சிவப்பு. அடுத்த கேள்விக்கும் சிவப்பு. முகம் போன போக்கே சரியில்லை. அவனைக் கவனித்துப் பார்த்தால் விஷயம் புரிந்தது. அவன் கேள்வியைப் படிப்பதே இல்லை, என்னைத்தான் படித்துக்கொண்டிருந்தான். "இதுவா?" என்று கேட்கும்போது என் புருவம் ஏறினால் இல்லை என்று பொருள். மூக்குக்கண்ணாடியை இறக்கினால் பதில் தப்பு. சுண்ணாம்புக் காலத்திலிருந்து எனக்கு இருக்கும் இந்தப் பழக்கமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஸ்கேன் செய்யும்போது என் முகம் ஃபோனுக்குப் பின்னால் போய்விட்டது. அவனுக்குப் படிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. பாவம், அவன் ஏமாற்றவில்லை. கிடைத்ததைக் கொண்டு சமாளித்திருக்கிறான். இப்போது அவனுக்குத் தனியாக வாசிப்புப் பயிற்சி நடக்கிறது, கொஞ்சம் தேறியிருக்கிறான்.

இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பிளிக்கர்ஸுக்குப் பரிந்துரை எழுதுவேன். கை தூக்கச் சொன்னால் கை தூக்குகிறவர்களின் பதில்தான் கிடைக்கும். சிலேட்டில் எழுதிக் காட்டச் சொன்னால் எல்லார் பதிலும் கிடைக்கும், ஆனால் அடுத்தவன் சிலேட்டும் எல்லாருக்கும் தெரியும். இதில் எல்லாரும் ஒரே நேரத்தில், தனித்தனியாக, ஆளுக்கொரு பதில் சொல்லியாக வேண்டும். வாயே திறக்காத பிள்ளையும் அட்டையைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

கருவியை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எரிக் மாசூர் 1991 முதல் தம் வகுப்பில் ஒரு முறையைக் கையாண்டார். ஒரு கேள்வி கேட்பார்; மாணவர்கள் யாரோடும் பேசாமல் பதில் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். அதன் பிறகு அதே கேள்விக்கு மறுபடி பதில். பெரும்பாலோர் முதலிலேயே சரியாகச் சொன்னால் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். பெரும்பாலோர் தவறாகச் சொன்னால் பேசவிட்டுப் பயனில்லை, மறுபடி நடத்த வேண்டும். நடுவில் இருந்தால்தான் பேசவிட வேண்டும். அங்கே பல்கலைக்கழக மாணவர்கள், இங்கே பத்து வயசு. ஆனாலும் முறை செல்லுபடியாகிறது.

ஒருநாள் நான் போட்ட கேள்வி இது. எது சரி? ஏ: ஒரு ஊர். பி: ஓர் ஊர். சி: ஓர் வீடு. டி: ஒரு ஆடு. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஓர் வரும் என்று பாடம் நடத்தி, எல்லாரும் அந்த ராகத்தில் புரிந்தது என்றும் சொல்லியாயிற்று. ஸ்கேன் செய்தால் பாதிப் பேர் பி, மீதிப் பேர் ஏயும் டியும். சி என்று இரண்டு பேர். விடையைக் காட்டாமல், "பக்கத்துல உள்ளவங்ககிட்ட பேசுங்க, உங்க பதில்தான் சரின்னு அவங்களை ஒத்துக்க வைங்க" என்றேன்.

ஜன்னலோரத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி, "எங்க பாட்டி ஒரு ஊருலன்னுதான் கதை சொல்வாங்க, ஓர் ஊருலன்னா சொல்வாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அடுத்தவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாட்டி பேசுறாங்க, டீச்சர் எழுதச் சொல்றாங்க, அது வேற இது வேற" என்றாள். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள எல்லையை நான் அரை மணி நேரப் பாடவேளை முழுக்க விளக்கினாலும் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது. மறு ஸ்கேனில் பி ஏறியது. பாட்டி கட்சிக்காரி மட்டும் ஏயிலேயே நின்றாள். பாட்டியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றாள், நானும் விட்டுவிட்டேன்.

கேள்வி தயாரிப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. ஏனோதானோ என்று மூன்று தவறான விடைகளைப் போட்டால் கிடைக்கும் தகவலும் ஏனோதானோதான். கணிதத்தில் 0.5, 0.25, 0.125 மூன்றில் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். 0.125 என்று சொல்கிறவர்கள் ஒரு கூட்டம் வருவார்கள். அவர்கள் புள்ளியை மறந்துவிட்டு 125, 25, 5 என்று முழு எண்ணாகப் படிக்கிறார்கள். அந்தத் தவறான விடையை வேண்டுமென்றே வைத்தால், யார் எந்த இடத்தில் வழுக்குகிறார்கள் என்பது பெயரோடு தெரிந்துவிடும். தமிழில் ல, ள, ழ இதற்கு வளமான இடம். "கடலில் எழுவது எது?" அலை, அளை, அழை. இதில் அழை என்று அட்டை தூக்குகிற பிள்ளைக்கு ழகரத்தின் மேல் ஒரு மரியாதை இருக்கிறது. சந்தேகம் வந்தால் ழ போட்டுவிட்டால் தமிழாகிவிடும் என்று நினைக்கிறது. அரம், அறம் இரண்டையும் குழப்புகிறவர்கள் பெரியவர்களிலும் உண்டு, பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்.

இனி, பயன்படுத்தப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு 5 கேள்விதான் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் கட்டணம், அதுவும் டாலரில். எனக்கு 5 போதும். அரை மணி நேரப் பாடவேளையில் ஐந்து கேள்விக்கு மேல் கேட்டால் அது தேர்வாகிவிடும், பாடமாக இருக்காது. ஆனால் ஆண்டிறுதிக்கு மீள்பார்வை செய்யும் ஆறாம் ஆண்டு ஆசிரியருக்கு இது கையைக் கட்டிப் போடும். தொகுப்பை இரண்டு மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் வேலை கூடும்.

செயலியின் மெனுவெல்லாம் ஆங்கிலம். கேள்வியைத் தமிழில் தட்டச்சு செய்யலாம், ஒருங்குறிதான், எழுத்து உடையாது. ஆனால் கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள். தமிழ்ச் சொல் நீளம். நான்கு விடையும் நான்கு வாக்கியமாக இருந்தால் பின்வரிசைக்குக் கண் எட்டாது. நீளமான பத்தி என்றால் அதைத் தாளில் கொடுத்துவிட்டு, கேள்வியை மட்டும் திரையில் போடுவேன். எல்சிடியே இல்லை, அல்லது விளக்கு மங்கிப் போய் வெயில் நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் கவலை இல்லை. கேள்வியை வெண்பலகையில் எழுதிவிட்டு, ஃபோனில் ஸ்கேன் மட்டும் செய்யலாம். வாய்மொழியாகக் கேட்டாலும் போதும். எழுத்துக்கூட்டுதல் சொல்லிக்கொடுக்கும்போது நான் வேண்டுமென்றே திரையை அணைத்துவிட்டு வாயால்தான் கேட்பேன்.

இணையம் இல்லாமல் ஆகாது. தோட்டத்துக்கு உள்ளே இருக்கும் பள்ளிகளில் இதுதான் தடை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் எங்கள் வகுப்பறையில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். கதவோரம் போய் நின்றால் இரண்டு கோடு. ஆகவே நான் எப்போதும் கதவோரம் நின்றே ஸ்கேன் செய்கிறேன். ஆசிரியரின் சொந்த டேட்டா செலவாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படக்காட்சி இல்லாததால் அதிகம் ஆகாது, ஆனாலும் நம் காசு நம் காசுதான்.

வெளிச்சம் இன்னொரு சங்கதி. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும் பிள்ளைகளின் அட்டை நிழலடித்துவிடும். சின்னக் கைகள் அட்டையை இறுக்கிப் பிடிக்கும்போது கட்டை விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்துவிடும். ஓரத்தைப் பிடிக்கப் பழக்க வேண்டும். விசிறி முழு வேகத்தில் சுற்றினால் மெல்லிய தாள் வளையும். ஆகவே தடித்த தாள். லேமினேட் செய்வதாக இருந்தால், பளபளப்பு இல்லாத வகையைக் கேளுங்கள். கடைகளில் எடுத்தவுடன் கண்ணாடி மாதிரி மின்னும் வகையைத்தான் போடுவார்கள். விளக்கொளி பட்டு மின்னினால் கேமராவுக்குப் படிக்க வராது. கடைக்காரர், "சைனிங்தான் டீச்சர் அழகு" என்பார். அழகு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இது கருவியின் இயல்பு. நான்கு விடையில் ஒன்று என்றால் குருட்டடியும் பலிக்கும். 20 பேர் கண்ணை மூடிக்கொண்டு அட்டையைத் தூக்கினாலும் சராசரியாக 5 பேருக்குச் சரியாக வரும். ஆகவே ஒரே கேள்வியில் பச்சை வந்துவிட்டது என்று ஒரு பிள்ளையைத் தேறியவர் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதே கருத்தை வேறு வடிவில் இன்னொரு நாள் கேளுங்கள். கட்டுரை, வாசிப்பு, கணிதத்தில் வழிமுறை எழுதுவது, இவை எதற்கும் இது ஆகாது. அதற்குச் சிவப்புப் பேனாதான்.

கஹூட் பற்றிக் கேட்பார்கள். நார்வேக்காரர்களின் இணைய வினாடி வினாத் தளம், இசையும் வண்ணமும் போட்டியும் பிள்ளைகளுக்கு உயிர். குவிசிஸ்ஸும் அப்படித்தான், பெங்களூரில் தொடங்கியது, 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். இரண்டையும் நன்றாக விளையாட ஆளுக்கொரு கருவி வேண்டும். நம் பள்ளிகளில் மாணவர்கள் இஷ்டத்துக்கு ஃபோன் கொண்டுவர முடியாது; கணினிக்கூடத்தில் எல்லாக் கணினியும் ஒரே நாளில் உயிரோடு இருந்தால் அது திருவிழா. தவிர, கஹூட்டில் வேகத்துக்கும் மதிப்பெண். நிதானமாக யோசிக்கும் பிள்ளை, சரியாகச் சொல்லியும் கீழே கிடப்பாள். பிளிக்கர்ஸில் அவசரம் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்து, மறுபடி திருப்பி, நான் வரும்வரை மனசை மாற்றிக்கொள்ளலாம். குவிசிஸ்ஸிலும் காகித அட்டை வசதி ஒன்று வந்திருக்கிறது, அதே மாதிரி ஆசிரியர் ஃபோனில் ஸ்கேன் செய்வது. ஏற்கெனவே அங்கே கேள்விகள் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கலாம். எனக்கு இங்கே பழகிவிட்டது.

வகுப்பறை மதிப்பீட்டுக்கு இது உதவுமா என்றால், உதவும். அடைவுநிலை 1 முதல் 6 வரை பிள்ளைகளை நிறுத்த ஆசிரியருக்கு ஏதாவது ஆதாரம் கையில் வேண்டும். யார், எந்தத் தேதியில், எந்தக் கேள்விக்கு, என்ன பதில் என்ற அறிக்கை தளத்தில் கிடக்கிறது. பெற்றோர் வந்து, "என் பையனுக்கு எல்லாம் தெரியும் டீச்சர், வீட்டுல நல்லா சொல்றான்" என்றால் ஃபோனைத் திறந்து காட்டலாம். சண்டை போட வந்தவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறவர்களுக்கு அதே அறிக்கையை அச்சடித்துக் கோப்பில் வைக்க வேண்டியிருக்கிறது என்பது தனி வேடிக்கை. காகிதத்தில் தொடங்கி, ஃபோனுக்குள் போய், மறுபடி காகிதமாக அலமாரிக்கு வந்துவிடுகிறது.

பச்சை சிவப்பைப் பிள்ளைகளுக்குப் பெயரோடு காட்டாதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து. காட்டும் வசதி இருக்கிறது, சில ஆசிரியர்கள் காட்டுகிறார்கள். நான் எத்தனை பேர் எந்த விடை என்ற பட்டை வரைபடத்தை மட்டும் காட்டுவேன். தவறாகச் சொன்னவர் யார் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்விக்கு வகுப்பே கெட்டிக்காரனின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்; பழைய கோரஸ் வேறு வழியில் உள்ளே வந்துவிடும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றைக் கழித்தது 5 கேள்வி வரம்புக்கும் இணையத் தேவைக்கும் சேர்த்து. முதலாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. அந்த வயசில் ஆங்கில எழுத்து நான்கும் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடந்தால் பிள்ளை குழம்பும். ஏ பக்கத்தில் சிவப்பு, பி பக்கத்தில் நீலம் என்று அட்டையின் பின்புறம் வண்ணப் பொட்டு ஒட்டி, விடைகளுக்கும் அதே வண்ணம் வைத்துவிட்டால் சரியாகிவிடும். முன்புறம் ஒட்ட வேண்டாம், வடிவம் மறையும்.

அட்டைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வகுப்பிலேயே வையுங்கள். தொலைந்தால் அந்த எண்ணை மட்டும் மறுபடி அச்சடித்தால் போதும். சாதாரணக் கட்டில் 40 அட்டை, பெரிய கட்டில் 63. சிறிய பள்ளிக்கு அத்தனையும் தேவையில்லை. வகுப்பில் எத்தனை பேரோ அதோடு இரண்டு மூன்று சேர்த்து எடுங்கள், ஆண்டு நடுவில் மாற்றலாகி வரும் பிள்ளை யாராவது இருக்கும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று அளவைச் சுருக்கி ஒரே தாளில் நான்கைந்து அடைக்கச் சொல்லாதீர்கள். பின்வரிசை அட்டையைப் படிக்க ஃபோன் திணறும், நீங்கள் வகுப்பு முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டி வரும்.